யார் சொல்வது சரி? கனரக லாரி மெக்கானிக்குகளுக்கான அமெரிக்கச் சான்றிதழ் சோதிப்பது என்ன

ஒரு லாரியின் பின் அச்சு. ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் சேம்பரின் (காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் கலம்) புஷ் ராடு, அதாவது பிரேக்கைத் தள்ளும் தண்டு, அளவுக்கு மேல் வெளியே வருகிறது. புஷ் ராடையும் பிரேக் கேமையும் இணைக்கும் கையாகப் பொருத்தியிருப்பது, ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டர். "அட்ஜஸ்டரைக் கையால் திருகி அளவுக்குக் கொண்டுவந்து வண்டியை அனுப்பிவிடலாம்" என்கிறார் மெக்கானிக் ஏ. "அட்ஜஸ்டரைத் தொடும் முன் அதைப் புஷ் ராடோடு இணைக்கும் கிளெவிஸ் பின், கேம் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் ஆகியவை தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்" என்கிறார் மெக்கானிக் பி. ஏ சொல்வது சரியா, பி சொல்வது சரியா, இருவருமா, இருவரும் இல்லையா?

அமெரிக்காவில் கனரக லாரி மெக்கானிக்குகள் எழுதும் ஏஎஸ்இ (ஆட்டோமோட்டிவ் சர்வீஸ் எக்ஸலன்ஸ்) தேர்வின் கேள்விகள் பெரும்பாலும் இந்த வார்ப்பில்தான் இருக்கும். மேலே உள்ளது நாமே எழுதிய மாதிரி. விடை, பி மட்டும். அட்ஜஸ்டர் தானே சரிசெய்துகொள்ள வேண்டியது. அப்படிச் செய்யவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கையால் திருகினால் அளவு அன்றைக்குச் சரியாகிவிடும், காரணம் அப்படியே இருக்கும். சில நாளில் புஷ் ராடு மறுபடி நீளும்.

இந்தத் தேர்வை நடத்தும் ஏஎஸ்இ, 1972-ல் தொடங்கப்பட்ட லாப நோக்கமற்ற அமைப்பு. தலைமையகம் வர்ஜீனியா மாநிலத்தின் லீஸ்பர்க். கார்களுக்கு ‘ஏ’ வரிசை, பள்ளிப் பேருந்துகளுக்கு ‘எஸ்’ வரிசை, நடுத்தர, கனரக லாரிகளுக்கு ‘டி’ வரிசை எனத் தனித்தனியாகத் தேர்வுகள் உண்டு. லாரிப் பட்டறையில் எல்லாரும் பேசுவது டி2 முதல் டி8 வரை. டி2 டீசல் எஞ்சின், டி3 கிளட்ச் முதல் கிரவுன் வரை உள்ள டிரைவ் டிரெய்ன், டி4 பிரேக், டி5 சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும், டி6 எலெக்ட்ரிக்கல், டி7 ஏசி, டி8 தடுப்புப் பராமரிப்புச் சோதனை. ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு, தனிச் சான்றிதழ். மாஸ்டர் என்ற தகுதிக்கு அமைப்பு வரையறுத்திருக்கும் தேர்வுகள் அனைத்திலும் தேற வேண்டும்.

தேர்வில் தேறினால் மட்டும் சான்றிதழ் கைக்கு வராது. இரண்டு ஆண்டு வேலை அனுபவத்தையும் காட்ட வேண்டும். முறையான தொழில்பயிற்சி முடித்தவருக்கு அதில் ஓர் ஆண்டு வரை கழித்துக்கொள்வார்கள். அனுபவம் நிறைவதற்கு முன்பே தேர்வை எழுதி வைக்கலாம், சான்றிதழ் அனுபவம் நிறைந்த பிறகே வரும். அதன் ஆயுள் ஐந்து ஆண்டு. பிறகு மறுதேர்வு. கணினி முன் உட்கார்ந்து எழுதும் தேர்வு இது, மதிப்பெண் உள்ள கேள்விகள் தேர்வுக்குத் தேர்வு 40 முதல் 55 வரை மாறும். மதிப்பெண் இல்லாத சோதனைக் கேள்விகளும் இடையிடையே கலந்திருக்கும். எது எது என்று எழுதுபவருக்குத் தெரியாது.

பிரேக்: அரை அங்குலத்தின் விலை

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு ஏன் இவ்வளவு கனம் என்பது சேம்பருக்குள் நடப்பதைப் பார்த்தால் விளங்கும். பின் அச்சுகளில் சாதாரணமாக இருப்பது 30-ஆம் வகை சேம்பர். அந்த எண், காற்று தள்ளும் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தின் பரப்பைக் குறிக்கிறது, 30 சதுர அங்குலம். 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) காற்று உள்ளே போனால் புஷ் ராடில் கிடைப்பது 3,000 பவுண்டு விசை. ஸ்லாக் அட்ஜஸ்டரின் கை நீளம் ஐந்தரை அங்குலம் என்றால் ஷூக்களை ட்ரம்மில் அழுத்தும் எஸ்-கேமைத் திருப்பும் முறுக்கு 16,500 அங்குலம்-பவுண்டு. லாரியை நிறுத்துவது இந்த முறுக்குதான்.

டயாஃப்ரம் தன் ஓட்டத்தின் கடைசிப் பகுதிக்குப் போய்விட்டால் இந்த விசை திடீரென்று சரியும். அதனால்தான் 30-ஆம் வகை சாதாரண சேம்பருக்கு 2 அங்குலம் (51 மிமீ) என்றும், நீள ஓட்ட வகைக்கு இரண்டரை அங்குலம் (64 மிமீ) என்றும், 24-ஆம் வகை சாதாரண சேம்பருக்கு ஒன்றேமுக்கால் அங்குலம் என்றும் புஷ் ராடு வெளியே வருவதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். சூடும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மலை இறக்கத்தில் ட்ரம் சூடேறி விரியும். விரிந்த ட்ரம்மைத் தொட ஷூ இன்னும் அதிகம் நகர வேண்டும், புஷ் ராடு இன்னும் நீள வேண்டும். பட்டறையில் குளிர்ந்த நிலையில் வரம்பை ஒட்டி நின்ற பிரேக், இறக்கத்தின் பாதியில் வரம்பைத் தாண்டும். ஓட்டுநர் பெடலை முழுக்க மிதித்திருப்பார், காற்றழுத்தமும் சரியாக இருக்கும், ஷூ மட்டும் அழுத்தாது.

2003 ஏப்ரல் 11 அன்று பென்சில்வேனியாவின் கிளென் ராக் ஊரில் பிரேக் அளவு தவறிய ஒரு டம்ப் லாரி கார்கள் மீது மோதியது. அதை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தானியங்கி அட்ஜஸ்டரைக் கையால் திருகும் பழக்கத்தைக் குறிப்பாகச் சுட்டியது. அது அடியில் உள்ள கோளாறைச் சரிசெய்யாது, பிரேக் சரியாகிவிட்டது என்ற பொய்யான நம்பிக்கையை மட்டும் தரும். அமெரிக்காவில் 1994 அக்டோபர் முதல் தயாராகும் ஏர் பிரேக் வண்டிகளில் தானியங்கி அட்ஜஸ்டர் கட்டாயம். சட்டம் மாறிப் பல ஆண்டுகளான பிறகும் கை பழைய பழக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அளவெடுக்கும் வரிசை இது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே ஸ்ப்ரிங் பிரேக்கை (வண்டியை நிறுத்தி வைக்கும் பார்க்கிங் பிரேக்) விடுவிக்க வேண்டும். டேங்கில் 90 முதல் 100 பிஎஸ்ஐ காற்று இருக்க வேண்டும், எஞ்சின் நின்றிருக்க வேண்டும். புஷ் ராடில் சேம்பர் முகத்தை ஒட்டி ஒரு கோடு போட வேண்டும். ஒருவர் பெடலை முழுக்க மிதித்துப் பிடிக்க, மற்றவர் சேம்பர் முகத்திலிருந்து கோடு வரை அளப்பார். அழுத்தம் 90-க்குக் கீழே இருந்தால் புஷ் ராடு முழுதாக நீளாது, மோசமான பிரேக் நல்லதாகத் தெரியும். 120-ல் அளந்தால் நேர்மாறாக நடக்கும்.

டி4 எழுதப் போகிறவர் இதோடு நிற்கக் கூடாது. பெடலை விட்டுவிட்டு, நெம்புகோலால் அட்ஜஸ்டரை ஷூ ட்ரம்மைத் தொடும் வரை இழுத்து, அந்த நகர்வையும் அளக்க வேண்டும். இது கட்டற்ற ஓட்டம். ட்ரம் பிரேக்கில் அரை அங்குலத்தை ஒட்டி இருந்தால் நல்லது. மிதித்தபோது அளவு மீறி, கட்டற்ற ஓட்டம் சரியாகவே இருந்தால் அட்ஜஸ்டரைக் குறை சொல்ல முடியாது. கோளாறு அடிப்படை பிரேக்கில் இருக்கிறது: கேம் புஷ் ஆட்டம், விரிசல் விட்ட ட்ரம், வளைந்த பிராக்கெட், தளர்ந்த சேம்பர் போல்ட் போன்றவை. கட்டற்ற ஓட்டமே அதிகம் என்றால் சந்தேகம் அட்ஜஸ்டர் பக்கமும் கிளெவிஸ் பக்கமும் போக வேண்டும். இந்த ஓர் அளவு பட்டறையில் பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் அதை எடுப்பவர்கள் குறைவு.

இன்னொரு பொறியும் உண்டு. நீள ஓட்ட சேம்பரையும் சாதாரண சேம்பரையும் ஒரே அச்சில் இடது வலதாகப் பொருத்தினால் வண்டி பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கும். நீள ஓட்ட சேம்பரை, காற்றுக் குழாய் பொருந்தும் இடத்தின் சதுர வடிவத்தை வைத்தோ சரிவக வடிவத் தகட்டை வைத்தோ அடையாளம் காணலாம். அழுக்கைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

அடைபட்ட ஃபில்டர் சொல்லும் கதை

டி2-வில் கடினமான பகுதி புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள். 2007-ஆம் ஆண்டின் அமெரிக்க விதிகளோடு டீசல் துகள் ஃபில்டரும், 2010 விதிகளோடு யூரியாத் திரவம் தெளிக்கும் அமைப்பும் லாரிகளில் பரவலாக வந்தன. அந்தத் திரவத்தில் யூரியா 32.5 சதவீதம். விகிதம் தவறினால் சென்சார் மூலம் பழுதுக் குறியீடு (ஆங்கிலத்தில் ‘கோடு’) பதிவாகிவிடும்.

வண்டி இழுக்கவில்லை என்று வருகிறது, துகள் ஃபில்டர் அடைத்திருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்தோ புதிதாகவோ போட்டு அனுப்புகிறார்கள். சில வாரத்தில் அதே வண்டி அதே குறையோடு திரும்பி வருகிறது. ஃபில்டர் அடைப்பைப் பெரும்பாலும் அறிகுறியாகத்தான் பார்க்க வேண்டும். ஒழுகும் இன்ஜெக்டர், எண்ணெய் விடும் டர்போ சீல், கசியும் ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விப்பது), காற்று கசியும் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) ஆகிய எல்லாமே எஞ்சினில் கரியைக் கூட்டியோ எண்ணெயையும் கூலன்ட்டையும் புகைக்குழாயில் தள்ளியோ ஃபில்டரை அடைக்கும். முன்பு புகைக்குழாயில் கரும்புகை வந்தால் கண்ணுக்குத் தெரியும். இப்போது அந்தப் புகையை ஃபில்டர் விழுங்கிவிடுவதால் இன்ஜெக்டர் கெட்டது வெளியே தெரிவதில்லை.

ஆகவே ஃபில்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை உண்டு. இன்டர்கூலரின் இரு முனைகளையும் அடைத்து 30 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, 15 விநாடியில் 5 பிஎஸ்ஐக்கு மேல் இறங்குகிறதா என்று பார்ப்பது வழக்கமான சோதனை. காற்று ஃபில்டருக்குப் பின்னுள்ள உறிஞ்சுத் தடை 25 அங்குல நீர் அளவைத் தாண்டினால் ஃபில்டரை மாற்ற வேண்டும் என்பது பரவலான வரம்பு. இந்த எண்கள் எஞ்சினுக்கு எஞ்சின் சற்று மாறும். தேர்வு கேட்பது சோதனைகளின் வரிசையைத்தான்: விலை குறைந்த, எதையும் கழற்ற வேண்டாத சோதனை முதலில் வரும்.

கம்பியில் 60 ஓம்

டி6-ல் பலர் தோற்பதற்குக் காரணம், பழுதுக் குறியீடான ‘கோடு’ படிக்கும் கருவி கையில் வந்த பிறகு மல்டிமீட்டரை மறந்ததுதான். கருவி காட்டும் கோடில் பாகத்தைச் சொல்லும் எண் ஒன்றும், பழுது வகையைச் சொல்லும் எஃப்எம்ஐ எண் ஒன்றும் இருக்கும். எஃப்எம்ஐ 3 என்றால் மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிட அதிகம், 4 என்றால் குறைவு. பாக எண் 110 எஞ்சின் கூலன்ட் வெப்பத்தைக் குறிக்கும். 110-ஓடு 3 வந்தால் உடனே சென்சாரை மாற்றிவிடுவது வழக்கம். அதற்கு முன் சென்சார் பிளக்கைக் கழற்றி, கம்பிப் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பாருங்கள். கோடு 3-லிருந்து 4-க்கு மாறினால் கம்பியும் கணினியும் நல்லவை, சென்சார்தான் கெட்டது. மாறாமல் 3-லேயே நின்றால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. புதுச் சென்சார் போட்டாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

லாரியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் ஜே1939 இணைப்பில் இரண்டு முனைகளிலும் தலா 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. பேட்டரியைத் துண்டித்துவிட்டு இரு கம்பிகளுக்கிடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு ரெசிஸ்டர் போய்விட்டது, அல்லது அதன் பக்கம் கம்பி அறுந்துவிட்டது. 40 வந்தால் யாரோ மூன்றாவது ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். கூடுதல் கருவி பொருத்திய லாரிகளில் இது நடப்பதுண்டு. டேஷ் போர்டில் ஐந்தாறு விளக்குகள் ஒன்றாக எரிந்து, தொடர்பில்லாத கோடுகள் குவியும்போது முதலில் செய்ய வேண்டிய அளவீடு இதுதான்.

டி2-வும் டி6-உம் கையில் இருந்தால் எல்2 எனும் மேல்நிலைத் தேர்வுக்குப் போகலாம். மின்னணு டீசல் எஞ்சினில் கோளாறு கண்டறியும் திறனுக்கானது அது. எந்தக் கம்பெனியின் எஞ்சினும் அல்லாத ஒரு மாதிரி வாகனத்தை வைத்துக் கேள்வி கேட்பார்கள், அதன் விளக்கக் கையேட்டைத் தேர்விலும் தருவார்கள். ஒரே கம்பெனி வண்டியில் பத்தாண்டு வேலை பார்த்தவருக்கும் பல கம்பெனி வண்டிகளைப் பார்த்தவருக்கும் களம் சமமாக இருக்கவே இந்த ஏற்பாடு.

சட்டம் கேட்பது வேறு

அமெரிக்காவில் ஏஎஸ்இ சான்றிதழ் கட்டாயம் அன்று. அது இல்லாமலேயே லாரி பிரேக்கைப் பிரித்து வேலை பார்ப்பதை நடுவண் சட்டம் தடுக்கவில்லை. சட்டம் கேட்பது தகுதிக்கான ஆதாரத்தை. பிரேக் வேலைக்குப் பொறுப்பானவரும், 12 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கட்டாய ஆய்வைச் செய்பவரும் பயிற்சியோ அனுபவமோ சேர்த்துக் குறைந்தது ஓர் ஆண்டு காட்ட வேண்டும். அந்த ஆதாரத்தை லாரி உரிமையாளர் நிறுவனம், அவர் வேலையில் இருக்கும் வரையிலும் விலகிய பின் ஓர் ஆண்டு வரையிலும் கோப்பில் வைத்திருக்க வேண்டும். ஆண்டு ஆய்வு அறிக்கையை 14 மாதம் வைத்திருக்க வேண்டும். விபத்துக்குப் பின் வரும் விசாரணையில் அதிகாரிகள் கேட்கும் தாள்களில் இவையும் அடங்கும். டி4, டி8 சான்றிதழ் இருந்தால் அந்தக் கோப்பு பலமாக இருக்கும் என்பதால்தான் பெரிய நிறுவனங்கள் அதைக் கேட்கின்றன.

ஏசி வேலையில் மட்டும் விதி கடுமை. கூலிக்கு வாகன ஏசி பழுதுபார்ப்பவர் யாரானாலும் குளிர்வாயு மீட்பு பற்றிய, தூய காற்றுச் சட்டத்தின் 609-ஆம் பிரிவுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். டி7 இதற்கு மாற்று ஆகாது, இரண்டும் வேறு வேறு.

எல்லை தாண்டினால் நிலைமை மாறுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 310டி எனப்படும் லாரி மெக்கானிக் தொழில் கட்டாய உரிமத் தொழில். உரிமம் பெற்றவரோ பதிவு செய்த பயிலுநரோ அல்லாதவர் அந்த வேலையைச் செய்யக் கூடாது. தகுதித் தேர்வில் 70 சதவீதம் எடுத்தால் நாடு முழுவதும் ஏற்கப்படும் ரெட் சீல் முத்திரை கிடைக்கும். டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் கராஜ் வேலைக்குப் போகும் தமிழர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ஊரில் லாரி வேலை பார்த்த அனுபவத்தைத் தொழில் சமநிலை மதிப்பீட்டுக்கு அனுப்பி, ஏற்கப்பட்டால் பயிலுநர் காலம் முழுவதையும் கழிக்காமலே தேர்வுக்கு உட்காரலாம். அதற்கு முன்னாள் முதலாளியிடமிருந்து எந்தெந்த வேலையை எவ்வளவு காலம் செய்தீர்கள் என்று விவரமாக எழுதிய கடிதம் தேவை. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே அதை வாங்கிக்கொள்வது நல்லது. பட்டறை மூடிய பிறகு கடிதம் கேட்டு அலைவது பெரும்பாடு.

படிக்கும் முறை

தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ தொழில் கற்றவருக்கு முதல் தடை பெயர்கள். நாம் பழகியவை பிரிட்டிஷ் வழக்குச் சொற்கள். கட்ஜன் பின் அங்கே ரிஸ்ட் பின், கிரவுன் வீல் அங்கே ரிங் கியர், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் அங்கே டிரைவ் ஷாஃப்ட், சைலன்சர் அங்கே மஃப்ளர், ஸ்பேனர் அங்கே ரெஞ்ச். வேலை தெரிந்தும் கேள்வி புரியாமல் மதிப்பெண் போவது இங்கேதான். அளவுகளும் அங்குலம், பவுண்டு-அடி, பிஎஸ்ஐயில் வரும். மனத்துக்குள் மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

ஒவ்வொரு தேர்வுக்கும் எந்தப் பகுதியில் எத்தனை கேள்வி என்ற வேலைப் பட்டியலை ஏஎஸ்இ இலவசமாக வெளியிடுகிறது. டி4-ல் ஏர் பிரேக்குக்குத்தான் பெரும்பங்கு. ஆனாலும் ஹைட்ராலிக் பிரேக்கும் வீல் பேரிங்கும் அதே தேர்வில் வரும். பேரிங்கை ‘கை உணர்வில்’ இறுக்கிப் பழகியவர்கள் அங்கே தடுக்கிவிழுவார்கள். அமெரிக்கப் பட்டறைகள் பின்பற்றும் முறையில், ஹப்பைச் சுழற்றிக்கொண்டே 200 பவுண்டு-அடிக்கு இறுக்கி, முழுதாகத் தளர்த்தி, மறுபடி 50-க்கு இறுக்கி, மரையின் நெருக்கத்தைப் பொறுத்து ஒரு சிறு பங்கு திருப்பித் தளர்த்துவார்கள். பிறகு டயல் கேஜ் வைத்து ஆட்டம் அளப்பார்கள். 0.001 முதல் 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இந்த அளவைக் கை உணராது.

கேள்வியில் ‘தவிர’ என்ற சொல்லும் ‘மிகக் குறைந்த வாய்ப்புள்ளது’ என்ற சொற்களும் வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அவற்றில் மூன்று விடைகள் சரியான காரணங்களாக இருக்கும், கேட்பது நான்காவதை. ஏ, பி மெக்கானிக் கேள்வியை இரண்டு தனித்தனி ‘சரியா தவறா’ கேள்விகளாகப் பிரித்துக்கொள்வதே எளிது. ஏ சொன்னதை மட்டும் படித்து முடிவெடுங்கள். பிறகு பி. ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டு யார் கெட்டிக்காரர் என்று யோசிக்கத் தொடங்கினால் குழப்பம்தான். தோற்றாலும் எந்தப் பகுதியில் எத்தனை போனது என்று மதிப்பெண் தாள் பிரித்துக் காட்டும். அடுத்த முறை அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

இந்தச் சான்றிதழ் காட்டாதது ஒன்று உண்டு, கை வேலை. ஸ்ப்ரிங் பிரேக் சேம்பரின் பின்பகுதிக்குள் அழுத்தி வைத்திருக்கும் ஸ்ப்ரிங் ஆளைக் கொல்லும். அதன் வளையத்தைக் கழற்றக் கூடாது, சேம்பர் வேலைக்கு முன் கேஜிங் போல்ட் போட்டு ஸ்ப்ரிங்கைச் சிறைப்பிடிக்க வேண்டும். இதைத் திரையில் சரியாகத் தேர்ந்தெடுப்பவர் வண்டிக்கு அடியில் எப்படி நடந்துகொள்வார் என்று தேர்வுக்குத் தெரியாது. ஆகவே ஆள் எடுக்கும் பட்டறைத் தலைவர் சான்றிதழைப் பார்த்த பிறகு, ஒரு சாக்குக் கட்டியும் ஸ்கேலும் கொடுத்துப் பின் அச்சின் புஷ் ராடை அளக்கச் சொல்லட்டும். கட்டையை முதலில் வைக்கிறாரா, ஸ்ப்ரிங் பிரேக்கை விடுவிக்கிறாரா, டேஷ் போர்டில் காற்றழுத்த முள்ளைப் பார்க்கிறாரா, சேம்பரின் வகை தெரிய அழுக்கைத் துடைக்கிறாரா என்று பார்க்கட்டும். பத்து நிமிடம் ஆகும்.